ஊர்தியில் ஹாம் வானொலி: செஞ்சி வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

அறிவியல் தமிழ் வளரவேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். ஒரு கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, எப்படிப் பயன்படுத்துவது என்பதைத் தமிழில் தெளிவுற எழுதிக் காட்டினால்தான் அம்முழக்கம் பொருளுடையதாகும். அவ்வகையில் ஊர்தியில் பொருத்திப் பயன்படுத்தும் ஹாம் வானொலியைப் பற்றிச் செஞ்சி வட்டாரத்தின் நில அமைப்போடு இணைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் உண்டு. 2024ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு 'ஃபெஞ்சல்' புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. செஞ்சிக்கு அண்மையிலுள்ள மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் முதல் நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு ஏற்பட்டு எழுவர் உயிரிழந்தனர். அடுத்த நாள் தென்பெண்ணை பெருகி அரசூருக்கு அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையையே துண்டித்தது. கிழக்கே வெள்ளம், மேற்கே மலைச்சரிவு, தெற்கே துண்டிக்கப்பட்ட சாலை என்ற நிலைக்கு நடுவே செஞ்சி நின்றது. மின்சாரம் நின்று, கோபுரங்களின் பேட்டரிகள் தீர்ந்தபின் கைப்பேசி வெறும் கைப்பெட்டியே. அத்தகைய வேளையில் ஒரு ஜீப்பும், அதன் பேட்டரியும், ஒரு கம்பியும், உரிமம் பெற்ற ஒருவரும் இருந்தால் ஓர் ஊரின் குரல் வெளியே கேட்கும். அக்குரல் கேட்பதற்கு என்னென்ன வேண்டும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

1. தூதும் செஞ்சியும்

தூது என்பது தமிழர்க்குப் புதிதன்று. திருக்குறளில் தூதுக்கென ஓர் அதிகாரமே உண்டு. சிற்றிலக்கிய வகைகளுள் தூது தனி இடம் பெற்றது. கிளியையும் மேகத்தையும் நெஞ்சையும் தமிழையுமே தூதாக விடுத்தனர் நம் புலவர்.

செஞ்சியின் வரலாற்றிலும் தூதுக்கு இடமுண்டு. தேசிங்குராசன் எனத் தமிழ் மக்கள் பாடிப் போற்றும் தேஜ்சிங், கி.பி. 1714ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் படையை எதிர்த்துப் போரிட்டு மடிந்தான். அவன் தோழன் மகபத்கான் மணவினையில் இருந்தபோது ஓலை வந்ததென்றும், அதைக் கண்ட அளவிலேயே மணப்பந்தலை விட்டுப் போர்க்களம் புகுந்தான் என்றும் நாட்டுப்பாடல் மரபு கூறுகிறது. இருவேறு சமயத்தாரின் நட்புக்குச் சான்றாக இக்கதையை எடுத்துக்காட்டுவது வழக்கம். அதனோடு இன்னொன்றும் இக்கதையில் அடங்கியுள்ளது. ஓலை வந்து சேர்ந்தது. ஆகவே தோழன் வந்து சேர்ந்தான். செய்தி சேராத இடத்திற்குத் துணையும் சேராது.

2. ஹாம் வானொலி என்பது

ஊதியம் கருதாமல், வணிக நோக்கமின்றி, ஆர்வத்தாலும் கற்கும் விருப்பத்தாலும் வானொலி நிலையம் ஒன்றைத் தாமே அமைத்து, அரசின் உரிமத்தோடு பிறருடன் பேசுவோரை ஹாம்கள் என்பர். இத்துறைக்கு அமெச்சூர் வானொலி என்பது முறையான பெயர். இதில் ஒலிபரப்பு இல்லை; இருவழி உரையாடலே உண்டு.

வானொலி ஆர்வலர்க்குத் தமிழகம் தொன்மையான தாயகமாகும். 1924ஆம் ஆண்டில் சென்னை மாகாண வானொலிச் சங்கம் கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் தோன்றி, அவ்வாண்டு சூலைத் திங்கள் இறுதியில் ஒலிபரப்பைத் தொடங்கியது. அகில இந்திய வானொலி என்ற பெயர் பிறப்பதற்கு முன்னரே ஆர்வலர் சங்கம் ஒன்று இதைச் செய்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது. முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தியும் 'வி.யு.2 ஆர்.ஜி.' என்ற அழைப்புக் குறியீடு பெற்ற ஹாம் ஆவார். 2005ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட 'ஹாம்சாட்' என்னும் சிறு செயற்கைக்கோள், ஹாம்களுக்கெனவே இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அமைத்ததாகும். அது 2014 வரை பணியாற்றியது.

பேரிடர்க் காலத்தில் இவ்வானொலி ஆற்றிய பணிக்குச் சான்றாக ஆழிப்பேரலையைக் கூறலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஐதராபாத்தைச் சேர்ந்த தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு, பாரதி பிரசாத் அம்மையார் தலைமையில் அந்தமான் சென்று நிலையம் அமைத்திருந்தது. உலக ஹாம்களோடு உரையாடுவதே அவர்களின் அப்போதைய நோக்கம். 26ஆம் நாள் காலை நிலம் நடுங்கி, கடல் பொங்கி, தொலைபேசி இணைப்புகள் அறுந்தபின், அதே நிலையம் தீவுகளின் செய்திகளைத் தாய்நிலத்திற்குச் சேர்க்கும் வாயிலாயிற்று. இலங்கையிலும் ஹாம்கள் அம்பாந்தோட்டைக்குக் கருவிகளைக் கொண்டு சென்று கொழும்போடு தொடர்பு ஏற்படுத்தினர். பொழுதுபோக்கிற்காகப் பழகிய கை அன்று உயிர்காக்கப் பயன்பட்டது. பழகாத கையில் அதே கருவி இருந்திருந்தால் பயன் விளைந்திராது.

இதற்கு உரிமம் இன்றியமையாதது. ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறையைச் சேர்ந்த கம்பியில்லாத் திட்டமிடல் ஒருங்கிணைப்புப் பிரிவு, தேர்வில் வென்றோர்க்கு உரிமம் வழங்கிவருகிறது. பொது வகையினர்க்கு 'வி.யு.2' எனவும், வரையறுக்கப்பட்ட வகையினர்க்கு 'வி.யு.3' எனவும் தொடங்கும் அழைப்புக் குறியீடு கிடைக்கும். மின்னியலின் அடிப்படையும் விதிமுறைகளும் வினவப்படும் இத்தேர்வு, பள்ளியில் அறிவியல் கற்ற எவரும் சில திங்கள் படித்து எழுதத்தக்கது. எந்த அலைவரிசையில் எவ்வளவு திறனோடு பேசலாம், நிலையத்தை ஊர்தியில் அமைக்க இசைவு உண்டா என்பனவற்றை உரிமத்தைப் பார்த்து உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஐயமிருப்பின் எழுதிக் கேட்டு இசைவு பெற்ற பின்னரே ஊர்தியில் பொருத்த வேண்டும்.

3. உயரமும் தொலைவும்

கருவி வாங்குவதற்கு முன் நிலத்தை அறிதல் முறை. செஞ்சிக்கோட்டை இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைத்து எழுந்தது. இராசகிரியின் உச்சி ஏறத்தாழ 800 அடி, அதாவது 240 மீட்டர் உயரமுடையது. உயரத்தில் நிற்பவன் தொலைவில் வருவதைக் காண்பான் என்பதே அங்கே கோட்டை எழுந்ததன் அடிப்படை.

ஹாம்கள் ஊர்தியில் மிகுதியும் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளும் ஏறத்தாழப் பார்வையைப் போன்றே செல்வன. நிலவுருண்டையின் வளைவுக்கு அப்பால் கண் எட்டாதது போல் அவையும் எட்டா. வளிமண்டலம் அவற்றைச் சிறிது வளைப்பதால் கண்ணைவிடச் சற்று அதிகம் செல்லும். இதற்கொரு கணக்கு உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் அதன் எல்லை கிலோமீட்டரில் கிடைக்கும். இரு முனைகளின் எல்லைகளையும் கூட்டினால் அவற்றிற்கிடையே பேசக்கூடிய தொலைவு ஏறத்தாழ வரும்.

ஊர்தியின் கூரைமேல் உள்ள ஆன்டெனா தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். அதன் எல்லை 5.8 கிலோமீட்டர். எனவே இரு ஊர்திகள் சமவெளியில் 12 கிலோமீட்டருக்குள் பேசிக்கொள்ளலாம். 240 மீட்டர் உயரத்தின் எல்லையோ 64 கிலோமீட்டர். அவ்வுயரத்தில் ஒரு நிலையம் இருப்பின், ஊர்தியோடு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வரை பேசலாம். திண்டிவனமும் விழுப்புரமும் திருவண்ணாமலையும் அவ்வட்டத்தினுள் அடங்கும். ஆனால் இது கணக்கு அளவில் மட்டுமே. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது; 2025ஆம் ஆண்டு சூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. அதன் சுவரில் ஓர் ஆணியும் அடிக்க நமக்கு உரிமையில்லை.

ஆகவே நம் கைக்கு எட்டும் உயரத்தையே எண்ணிப் பார்ப்போம். செஞ்சியிலிருந்து திண்டிவனம் சாலைவழி ஏறத்தாழ 28 கிலோமீட்டர். திண்டிவனத்தில் 20 மீட்டர் உயரக் கட்டடத்தின் மேல் ஒரு நிலையம் உள்ளதெனில் அதன் எல்லை 18.4 கிலோமீட்டர். ஊர்தியின் 5.8 கிலோமீட்டரையும் கூட்டினால் 24.2 வருகிறது. இது போதாது. ஊர்தியை நிறுத்தி, அதன் அருகே 6 மீட்டர் மூங்கில் ஒன்றை நட்டு ஆன்டெனாவை அதன் முனையில் கட்டினால் எல்லை 10 கிலோமீட்டராகி, மொத்தம் 28.5 வரும். ஒரு மூங்கில் கழியின் பயன் இத்தகையது! விலை மிகுந்த திறன்பெருக்கியை வாங்குவதற்கு முன் ஒரு கழியை வாங்குக என்பது இதனால் பெறப்படும்.

இக்கணக்கு இடையில் மலை இல்லாத நிலத்திற்கு உரியது. செஞ்சியைச் சூழ்ந்த பாறைக்குன்றுகள் ஒளிக்கு நிழல் தருவது போல் இவ்வலைகளுக்கும் நிழல் தருவன. திருவண்ணாமலைச் சாலை குன்றுகளுக்கிடையே புகுந்து செல்லும் இடத்தில், ஒரு வளைவில் தெளிவாகக் கேட்ட குரல் மறு வளைவில் அற்றுப்போகும். அங்கே திறனைக் கூட்டுவதைவிட ஊர்தியைச் சில பத்து மீட்டர் நகர்த்துவது பயன்தரும். எவ்விடத்தில் கேட்கிறது, எவ்விடத்தில் கேட்கவில்லை என்று வெயில் நாளில் சுற்றிவந்து வரைபடத்தில் குறித்துவைப்பதே புயல் நாளுக்கான முதற் பாடமாகும்.

4. கருவித் தேர்வு

ஊர்திக்கு ஏற்ற கருவிகளை மூவகையாகப் பகுக்கலாம்.

முதலாவது, கையடக்கக் கருவி. ஏறத்தாழ 5 வாட் திறன் உடையது, விலை குறைந்தது. அதனோடு வரும் குட்டை ரப்பர் ஆன்டெனாவை ஊர்தியினுள் இருந்து பயன்படுத்தினால் தகரக்கூடு அலையைப் பெரிதும் தடுக்கும். அதே கருவியை வெளிக்கூரை ஆன்டெனாவோடு இணைத்தால் அதன் இயல்பே மாறிவிடும். இருசக்கர ஊர்தியில் செல்வோர்க்கும் தொடக்க நிலையினர்க்கும் இதுவே போதும்.

இரண்டாவது, ஊர்திக்கெனவே அமைந்த 25 முதல் 50 வாட் வரையிலான கருவி. உறுதியான ஒலிபெருக்கியும், வெப்பத்தை வெளியேற்றும் உலோக உடலும் உடையது. நாள் முழுதும் பணியாற்ற இதுவே தக்கது.

மூன்றாவது, சிற்றலைக் கருவி. 7 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் வானின் மேலே உள்ள அயனி மண்டலத்தில் பட்டு மீள்வன. மலை அவற்றுக்குத் தடையன்று. பகற்பொழுதில் செஞ்சியிலிருந்து 150 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சென்னையோடும், அதற்கு அப்பாலும் இடைநிலையம் எதுவுமின்றிப் பேசலாம். 100 வாட் திறனுடைய சிறு கருவிகள் ஊர்திக்கு ஏற்றவை. விலை மிகுதி, பயிற்சியும் மிகுதியாக வேண்டும்.

யேசு, ஐகாம், கென்வுட் ஆகிய ஜப்பானிய நிறுவனங்களின் பெயர்கள் இத்துறையில் நெடுநாளாக அறியப்பட்டவை. சீனக் கையடக்கக் கருவிகள் மலிவாகக் கிடைப்பதால் பரவலாயின. வாங்குவோர் ஒன்றை மறத்தலாகாது. அவற்றுள் பல 136 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கும் பேசும் ஆற்றல் உடையவை. காவல்துறை முதலிய பணிகளுக்குரிய அலைவரிசைகளும் அவ்வெல்லைக்குள் அடங்கும். கருவியால் இயலும் என்பதற்காக அங்கே பேசுதல் குற்றமாகும். உரிம விவரம் இன்றி இத்தகைய கருவிகளை இணையத்தில் விற்பதைத் தடுக்க, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025ஆம் ஆண்டில் நெறிமுறைகள் வெளியிட்டுள்ளது. முதலில் உரிமம், பின்னர்க் கருவி என்பதே முறை.

இம்மூன்றனுள் எது வேண்டும் என்பது பணியைப் பொறுத்தது. ஊர்விட்டு ஊர் பேசுவதற்கு இரண்டாவது வகையும், மாவட்டம் கடந்து பேசுவதற்கு மூன்றாவது வகையும் பொருந்தும். ஒருவரிடம் எல்லாம் இருக்கவேண்டுமென்பதில்லை. ஒரு குழுவினுள் ஒரு சிற்றலைக் கருவியும் நான்கைந்து சிறு கருவிகளும் இருப்பின் அதுவே நிறைவான அமைப்பாகும்.

5. ஆன்டெனா

கருவி நெஞ்சமெனில் ஆன்டெனா நாவாகும். 145 மெகாஹெர்ட்ஸ் அலைக்குக் கால்பங்கு அலைநீளமுள்ள கம்பி ஏறத்தாழ அரை மீட்டர்தான். அதை ஊர்தியின் தகரக்கூரை நடுவில் நிறுத்தினால் கூரையே அதன் மறுபாதியாகச் செயற்பட்டு, எல்லாத் திசைக்கும் அலை சீராகச் செல்லும். ஓரத்தில் நிறுத்தினால் ஒருபக்கம் மிகுந்தும் ஒருபக்கம் குறைந்தும் செல்லும். காந்த அடியுடைய ஆன்டெனா பொருத்துவதற்கு எளிது. கூரை துணியாலோ ரெக்சினாலோ ஆன ஆட்டோவில் காந்தமும் ஒட்டாது, கூரையும் துணைபுரியாது. அங்கே தகரத்தகடு ஒன்றைப் பொருத்துதல் வேண்டும்.

7 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இதே கால்பங்குக் கம்பி பத்தரை மீட்டர் நீளமாகும். அதை ஏந்திக்கொண்டு எந்த ஊர்தியும் சாலையில் செல்ல இயலாது. ஆகவே நடுவில் சுருள் வைத்து இரண்டு மீட்டர் அளவுக்குக் குறுக்கிய கம்பியைப் பயன்படுத்துவர். இதனால் திறனின் பெரும்பகுதி சுருளிலும் நிலத்திலும் வெப்பமாக வீணாகிறது. ஓடும்போது வேறு வழியில்லை, நிற்கும்போது உண்டு. பக்கத்திற்குப் பத்து மீட்டராக இரு செம்புக் கம்பிகளை நடுவில் இணைத்து, இரு மரங்களுக்கிடையே நான்கைந்து மீட்டர் உயரத்தில் கிடையாகக் கட்டினால், அலை மேல்நோக்கி எழுந்து சில நூறு கிலோமீட்டர் வட்டத்தில் மழைபோல் இறங்கும். மாவட்டத் தலைநகரோடும் சென்னையோடும் பேசுவதற்கு இதுவே ஏற்றது. ஊர்தியின் இருக்கைக்கு அடியில் இக்கம்பிச் சுருளும் நைலான் கயிறும் எப்போதும் இருத்தல் நன்று.

ஆன்டெனா பொருந்தியுள்ளதா என்பதை நிலையலை விகிதமானி காட்டும். அளவு 1.5க்குள் இருப்பின் நன்று. 2 எனக் காட்டினால் திறனில் ஒன்பதில் ஒரு பங்கும், 3 எனக் காட்டினால் நான்கில் ஒரு பங்கும் திரும்பி வருகிறது என்பது பொருள். அந்நிலையில் தொடர்ந்து பேசினால் கருவியின் இறுதிநிலைப் பகுதி பழுதடையக்கூடும்.

கம்பியை மின்வாரியக் கம்பிகளுக்கு அருகே எவ்வாற்றானும் எறியலாகாது. மின்சாரம் நின்றிருக்கிறது என்பதும் காரணமாகாது. எக்கணமும் அது மீளலாம். இடி இடிக்கும்போது ஆன்டெனாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும்.

6. மின்னூட்டம்

பழுதுகளும் தீவிபத்துகளும் பெரும்பாலும் இங்கேதான் தோன்றுகின்றன. 50 வாட் கருவி பேசும்போது ஏறத்தாழ 10 ஆம்பியரும், 100 வாட் சிற்றலைக் கருவி 20 ஆம்பியருக்கு மேலும் இழுக்கும். சிகரெட் லைட்டர் துளையோ 10 அல்லது 15 ஆம்பியருக்கே அமைந்தது. அதில் கையடக்கக் கருவியின் மின்னேற்றியைச் செருகலாம். பெரிய கருவியைச் செருகலாகாது. பேட்டரியிலிருந்து தடித்த இணைப்புக் கம்பியை நேராகக் கொண்டுவர வேண்டும்.

கம்பி தடித்திருக்க வேண்டியதன் காரணம் எளிது. மெல்லிய கம்பியின் மின்தடை 0.05 ஓம் எனக் கொண்டால், 20 ஆம்பியர் செல்லும்போது ஒரு வோல்ட் குறைகிறது. 20 வாட் வெப்பம் கம்பியிலேயே எழுகிறது. கருவிக்குச் சேரவேண்டியது கம்பியைச் சுடுகிறது. இதனோடு ஃபியூஸை பேட்டரிக்கு மிக அருகிலேயே பொருத்த வேண்டும். கருவிக்கு அருகில் மட்டும் ஃபியூஸ் இருந்தால், இடையில் கம்பி உரசித் தகரத்தில் பட்டால் அதைத் தடுப்பதற்கு ஏதுமில்லை. பேட்டரியின் முழு ஆற்றலும் அக்கம்பியில் பாய்ந்து தீப்பற்றும். தகரத் துளை வழியே கம்பி செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் இடுதல் இன்றியமையாதது.

இனி, நம் நாட்டுச் சாலைகளுக்கே உரிய ஓர் எச்சரிக்கை. மீட்புப் பணிக்கு லாரியும் பேருந்தும் கிடைப்பதுண்டு. காரும் ஜீப்பும் 12 வோல்ட். லாரியும் பேருந்தும் பெரும்பாலும் 24 வோல்ட். 13.8 வோல்ட்டுக்கு அமைந்த கருவியை 24 வோல்ட்டில் இணைத்தால் அக்கணமே அது பாழாகும். இரண்டு பேட்டரிகளுள் ஒன்றிலிருந்து மட்டும் எடுத்தலும் தவறு. ஒன்று தேய்ந்து மற்றொன்று மிகையாக மின்னேறிக் கெடும். 24ஐ 12ஆக மாற்றும் மாற்றியே தீர்வு. இணைக்குமுன் வோல்ட்மானியால் அளந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும்? மணிக்குப் பத்து நிமிடம் பேசி ஐம்பது நிமிடம் கேட்பதாகக் கொள்வோம். பேசும்போது 10 ஆம்பியர், கேட்கும்போது அரை ஆம்பியர் எனில் மணிக்கு ஏறத்தாழ 2 ஆம்பியர்-மணி செலவாகும். பத்து மணி நேரத்தில் 20. காரின் 45 ஆம்பியர்-மணி பேட்டரியில் இது பாதியை நெருங்குகிறது. விடியற்காலையில் ஊர்தி கிளம்பாமற்போக இது போதும். செய்தி போயிற்று, ஊர்தி போகவில்லை என்னும் நிலை வரலாகாது. தனிப் பேட்டரி ஒன்று வைத்துக்கொள்க. அல்லது இடையிடையே என்ஜினை ஓட்டுக. மூடிய கொட்டகையில் நிறுத்தி என்ஜினை ஓட்டினால் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடிக்கும் என்பதை மறவாதீர்.

7. இரைச்சல்

ஊர்தியில் வானொலி கேட்போர் அறிந்த தொல்லை இரைச்சல். பெட்ரோல் என்ஜினின் தீப்பொறி 'டக்டக்' என்றும், மின்னாக்கி 'ஙொய்' என்றும் ஒலிக்கும். முடுக்கும்போது ஒலியும் கூர்மையாகும். டீசல் என்ஜினில் தீப்பொறி இல்லையாதலால் தொல்லை குறைவு. மின்கம்பியை நேரே பேட்டரியிலிருந்து எடுத்தல், என்ஜின் மூடியையும் புகைக்குழாயையும் தகரவுடலோடு பட்டைக் கம்பியால் இணைத்தல், கம்பிகளில் ஃபெரைட் வளையம் இடுதல் ஆகியன இரைச்சலைக் குறைக்கும் வழிகள். எல்லாவற்றிலும் எளிய வழி, நின்று, என்ஜினை அணைத்துவிட்டுக் கேட்பதே. தொலைவிலிருந்து மெல்லிய குரலில் வரும் செய்தி அப்போதுதான் காதில் விழும்.

8. ஓட்டுபவரும் பேசுபவரும்

ஓட்டுபவர் பேசலாகாது, பேசுபவர் ஓட்டலாகாது. கையில் தொடர்புக் கருவியை ஏந்தி ஓட்டுதலை 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் அபாயகரமான ஓட்டுதலில் சேர்த்துள்ளது. சட்டம் ஒருபுறமிருக்க, நீர் தேங்கிய சாலையில் கண் முழுதும் சாலையிலேயே இருக்க வேண்டும். ஆகவே ஊர்தி நிலையத்திற்கு இருவர் வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றவர் பேசவும் எழுதவும் வேண்டும்.

கருவியை இருக்கையின்மேல் தளர்வாக வைத்தலும் தவறு. திடீரெனத் தடையிட்டால் இரண்டு கிலோ இரும்பு எறிபடையாகும். காற்றுப்பை விரியும் இடத்திற்கு முன்னரும் எதையும் பொருத்தலாகாது.

9. செய்தித் தமிழ்

இதுவரை கூறியவை பொறியியலார் கூறக்கூடியவை. தமிழாசிரியர்க்கு உரிய பகுதி இனி வருகிறது. கருவி நன்றாயினும், மொழி நன்றாக இல்லையேல் செய்தி சிதையும்.

தமிழில் மறுப்பும் உடன்பாடும் சொல்லின் இறுதியில் நிற்பன. 'படகு வேண்டும்', 'படகு வேண்டாம்' என்னும் இரண்டும் கடைசி அசையில் மட்டுமே வேறுபடுகின்றன. வானொலியில் முதலில் மங்குவது வாக்கியத்தின் இறுதியே. பேசுபவர் பொத்தானைச் சற்று முன்னதாக விட்டுவிட்டாலும் இறுதி அசை அறுபடும். அறுபட்டபின் எஞ்சுவது 'படகு வேண்…' என்பதே. ஓர் ஊரின் உயிர் ஓர் அசையில் தொங்கலாகாது. ஆகவே மறுப்பை முன்வைத்துக் கூறுதல் வேண்டும்: 'இல்லை. படகு தேவையில்லை. இல்லை.' உடன்பாட்டை 'ஆம். படகு தேவை. இரண்டு.' எனக் கூறலாம். இலக்கணம் கூறும் எச்சமும் முற்றும் இங்கே உயிர் காக்கும் கருவிகளாகின்றன.

எண்களிலும் இத்தொல்லை உண்டு. எழுபது, எண்பது, அறுபது, இருபது, தொண்ணூறு, தொள்ளாயிரம் ஆகியவை இரைச்சலில் ஒன்றுபோல் ஒலிப்பன. எழுபது பேர் எனக் கூறியபின் 'ஏழு, சுழியம்' எனத் தனித்தனியே எண்ணிக் கூறுதல் நன்று. கேட்டவர் அதைத் திருப்பிக் கூறவேண்டும். திருப்பிக் கூறாத செய்தி சேர்ந்த செய்தியாகாது.

ஊர்ப்பெயர்களில் இன்னும் கவனம் வேண்டும். செஞ்சி வட்டாரத்தில் சத்தியமங்கலம் உண்டு; ஈரோடு மாவட்டத்திலும் சத்தியமங்கலம் உண்டு. இங்கே வல்லம் உண்டு. தஞ்சையருகேயும் வல்லம் உண்டு. இங்கே அனந்தபுரம் இருக்க, ஆந்திரத்தில் அனந்தபுரம் ஒரு மாவட்டத்தின் பெயர். சென்னையில் அமர்ந்து கேட்பவர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பெரிய ஊரே. மேல், கீழ் என்னும் அடையுடைய ஊர்களில் அவ்வடை அறுபட்டால் இடமே மாறிவிடும். ஆகவே 'விழுப்புரம் மாவட்டம், செஞ்சி அருகே, சத்தியமங்கலம்' எனப் பெரியதிலிருந்து சிறியதற்கு இறங்கிக் கூறுதல் வேண்டும்.

செய்தியை முன்கூட்டியே தாளில் எழுதிக்கொள்ளுதல் வேண்டும். செய்தி எண், நேரம், இடம், நிகழ்ந்தது, தேவை, அளவு, அனுப்புபவர் பெயர் என்ற ஏழும் இருப்பின் போதும். அடைமொழிக்கும் அணிக்கும் அங்கே இடமில்லை. 'எங்கும் வெள்ளக்காடு, மக்கள் கண்ணீரில் மிதக்கின்றனர்' என்பது செய்தித்தாளுக்குப் பொருந்தலாம். 'பள்ளிக் கட்டடத்தில் நாற்பது பேர், நான்கு, சுழியம், குடிநீர் இல்லை, கருவுற்ற பெண் ஒருவர், படகு தேவை' என்பதே வானொலிக்குரிய தமிழ். உறுதிப்படாததை உறுதிபோல் உரைத்தலும், பிறர் கூறியதைத் தாம் கண்டதுபோல் கூறலும் கூடா. 'கண்டேன்', 'கேட்டேன்' என்னும் இரு வினைகளுக்குள்ள வேறுபாட்டை அங்கே காத்தல் வேண்டும்.

முடிவுரை

இதுவரை கண்டவற்றால் பெறப்படும் முடிவுகள் வருமாறு: செஞ்சி போன்ற குன்று சூழ்ந்த நிலத்தில் திறனைவிட உயரமே முதன்மையானது. ஊருக்குள் பேச 144 மெகாஹெர்ட்ஸ் கருவியும், மலை கடந்து பேச 7 மெகாஹெர்ட்ஸ் கருவியும் கிடைக் கம்பியும் பொருந்துவன. ஃபியூஸ் பேட்டரிக்கு அருகில் இருத்தல் வேண்டும். 24 வோல்ட் ஊர்தியில் மாற்றி இன்றி இணைக்கலாகாது. ஊர்தி நிலையத்திற்கு இருவர் வேண்டும். செய்தி எழுதப்பட்டதாகவும், திருப்பிக் கூறப்பட்டதாகவும் இருத்தல் வேண்டும்.

கல்லூரிகளில் இயற்பியல் துறையினரும் தமிழ்த்துறையினரும் நாட்டு நலப்பணித் திட்டத்தினரும் இணைந்தால் இதனை எளிதில் செயற்படுத்தலாம். இயற்பியல் மாணவர் கருவியைப் பொருத்தட்டும். தமிழ் மாணவர் செய்தியை வடிக்கட்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. தேர்வெழுதி உரிமம் பெறுவதற்குப் பல திங்கள் ஆகும். ஆகவே இதற்கான பாடத்தைச் சித்திரையில் தொடங்கினால்தான் ஐப்பசியில் பயன்படும். உரிமம் பெற்ற இருவர் செஞ்சியிலும், இருவர் திண்டிவனத்திலும் இருந்து, ஒவ்வொரு ஞாயிறும் அரைமணி நேரம் பேசிப் பழகி வருவாராயின், அடுத்த புயலில் இவ்வட்டாரம் குரலற்றுப் போகாது.